வாதாடிய வாய்க்குப் பூட்டு!

படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நான் ஆற்றிய உரையினை எழுத்து வடிவிலே தந்தால், அன்று வர இயலாதவர்களும் படித்தறிவார்களே என்று நண்பர்கள் கேட்டனர். தருகிறேன். அன்று என் எதிரே சில நூறு பேர் அமர்ந்திருந்தனர். இன்று என் எதிரே அமர்ந்திருப்பவர் ஒருவரே. இந்த ஏட்டினைக் கையிலே ஏந்தியிருக்கும் நீங்கள்! ஆகவே, இது உங்களோடு பேசும் பேச்சு.

கண்ணகியைப் பற்றிப் பேசாத மேடை நம்மிடையே இல்லை. மதுரை எரிந்ததைச் சொல்லிச் சொல்லி நாமும் பலமுறை கைதட்டல் வாங்கியிருக்கிறோம். நான் இன்று சொல்ல வந்தது எரிந்த கதையன்று. எரிவதற்குச் சற்று முன்னர், அரண்மனையிலே நடந்த கதை.

தலைவிரி கோலமாக ஒரு பெண் வாயிலிலே வந்து நிற்கிறாள். வாயிற்காவலன் அவளை விரட்டவில்லை. அரசனிடம் சென்று அறிவிக்கிறான். அரசன் அவளைச் சிறைக்கு அனுப்பவில்லை. அழைத்து வரச் சொல்கிறான். அவள் வழக்குரைக்கிறாள். சான்று கேட்கிறான். சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. தன் தேவியின் சிலம்பில் இருந்தது முத்து என்று அறிந்த மன்னன், தான் தவறிழைத்ததை ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான்.

எண்ணிப் பாருங்கள்! கோவலனுக்குக் கிடைக்காத விசாரணை கண்ணகிக்குக் கிடைத்தது. கோவலனுக்காகப் பேச ஒருவர் இருந்திருந்தால் அவன் தலை தப்பியிருக்கும். பேச ஆள் வந்தபோது அவன் உயிரோடு இல்லை. அந்தக் காப்பியத்தின் கண்ணீரெல்லாம் இந்த ஓர் இடத்திலேதான் ஊற்றெடுக்கிறது: விசாரணைக்கு முன்னே தண்டனை!

அது மன்னராட்சிக் காலம். இன்று மக்களாட்சி. அரசனுக்குப் பதில் அரசியல் சட்டம். அரண்மனைக்குப் பதில் அறமன்றம். வாயிற்காவலனுக்குப் பதில் வழக்கறிஞர். ஆம், ஏழையை அழைத்துச் சென்று நீதிபதியின் முன்னே நிறுத்துபவர் அவரே. அந்த வாயிலை யாரும் அடைக்க வேண்டியதில்லை. வாயிற்காவலனைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டால், கதவு திறந்திருந்தும் பயனில்லை!

அப்படியும் நடக்குமோ என்று ஐயுறுவீர்கள். நடந்தது, தோழர்களே! நம் நாட்டிலே, நம் காலத்திலே நடந்தது.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். சட்டம் பயின்றவனல்லன். நாடகம் எழுதிப் பழகியவன். ஆகவே, நடந்ததைச் சொல்வதற்கு முன்னர், ஒரு காட்சியை உங்கள் கண்முன்னே நிறுத்துகிறேன்.

சத்தீஸ்கர் மாநிலத்துக் காட்டோரக் கிராமம். இலுப்பை மரத்தடி. ஊர்ப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அதிகாரி வருகிறார், கையிலே காகிதக் கட்டு.

அதிகாரி: பெரியவரே! உமது ஊருக்கு அடியிலே நிலக்கரி இருக்கிறது, தெரியுமா?

பெரியவர்: ஊருக்கு மேலே நாங்கள் இருக்கிறோம், ஐயா. அது தங்களுக்குத் தெரியுமா?

அதிகாரி: தெரிந்ததனால்தான் வந்தேன். விரைவிலே காலி செய்துவிட வேண்டும். இதோ, உங்கள் கிராம சபை கூடிச் சம்மதம் தந்த தீர்மானம்!

பெரியவர்: சபை என்றைக்குக் கூடியது, ஐயா?

அதிகாரி: கூடாமலா இத்தனைக் கையெழுத்துகள்?

பெரியவர்: (உற்றுப் பார்த்து) இது என் தம்பியின் பெயர். அவன் மறைந்து மூன்றாண்டு ஆகிறதே, ஐயா!

அப்போது ஓர் அம்மையார் மேடைக்கு வருகிறார். கையிலே வாளில்லை, வேலில்லை. ஒரு புத்தகம் இருக்கிறது. "கிராம சபையைக் கேளாமல் நிலத்தை எடுக்கலாகாது என்று சட்டம் சொல்கிறது. வாருங்கள், நீதிமன்றத்திலே கேட்போம்" என்கிறார். திரை விழுகிறது.

அடுத்த காட்சி நீதிமன்றம். கூண்டிலே யார் நிற்க வேண்டும்? செத்தவன் கையெழுத்தை வாங்கி வந்தவர் நிற்க வேண்டும் என்பீர்கள். திரை விலகுகிறது. கூண்டிலே நிற்பவர், புத்தகத்தோடு வந்த அம்மையார்!

முதற்காட்சி என் கற்பனை. ஆனால், கற்பனைக்கும் ஒரு வேர் உண்டு. சத்தீஸ்கரின் வடபகுதியிலே ஹஸ்தேவ் காடு இருக்கிறது. ஏறத்தாழ 1,70,000 ஹெக்டேர் பரப்பு. அங்குள்ள ஊர்களைச் சேர்ந்த பழங்குடி மக்கள், தங்கள் பெயரால் போலித் தீர்மானங்கள் எழுதப்பட்டன என்று குற்றஞ்சாட்டி, விசாரணை கோரி, 2021 அக்டோபர் மாதத்தில் 300 கிலோமீட்டர் கால்நடையாக நடந்து தலைநகர் ராய்ப்பூரை அடைந்தனர். அதே காட்டிலே காட்பர்ரா என்றொரு கிராமம். காட்டின் மீது ஊருக்கு உரிமையுண்டு என்று 2013-ஆம் ஆண்டில் பட்டயம் வழங்கினார்கள். 2016 ஜனவரியில் அந்தப் பட்டயத்தைத் திரும்பப் பறித்தார்கள். சுரங்க வேலைக்கு இடையூறு செய்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று! கொடுத்த உரிமையைப் பயன்படுத்தினால் அந்த உரிமை போய்விடுமாம். குடை கொடுத்தோம், மழையிலே விரித்தாய், ஆகவே பிடுங்கிக்கொண்டோம் என்பது போன்ற நியாயம் இது!

இரண்டாம் காட்சியோ கற்பனையன்று. அந்த அம்மையாரின் பெயர் சுதா பரத்வாஜ்.

யார் இவர்? 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பிறந்தவர். தாயார் கிருஷ்ணா பரத்வாஜ், பெயர் பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். பிறப்பினாலே கிடைத்த அமெரிக்கக் குடியுரிமை கையிலிருந்தது; வேண்டாம் என்று துறந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணிதம் பயின்றார். அந்தப் பட்டத்தைக் கையிலே வைத்துக்கொண்டு, அயல்நாட்டு விமானத்திற்குக் காத்திருப்போர் வரிசை எவ்வளவு நீளம் என்பதை நீங்கள் அறிவீர்கள். இவர் அந்த வரிசையில் நிற்கவில்லை. சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவுக்குப் புறப்பட்டார்.

அங்கே என்ன இருக்கிறது? இரும்புக் கனி. பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது தரும் செம்மண் பூமி அது. அங்கே சங்கர் குகா நியோகி என்ற தொழிற்சங்கத் தலைவர், கல்லுடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளரைத் திரட்டியிருந்தார். தொழிலாளர் தம் கையாலேயே மருத்துவமனை ஒன்றினை எழுப்பினர். அந்த நியோகி, 1991 செப்டம்பர் 28 அன்று, உறங்கிக்கொண்டிருந்த வேளையிலே சுட்டுக் கொல்லப்பட்டார்.

தலைவரைச் சுட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்பது துப்பாக்கியின் கணக்கு. சுதா கணிதம் படித்தவரல்லவா? அந்தக் கணக்குத் தவறு என்று அவருக்குத் தெரியும். அங்கேயே தங்கினார். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். சங்கத்தின் வழக்குகளைச் சுமந்துகொண்டு வழக்கறிஞர்களின் வாயிலில் நின்றார். பின்னர், தாமே சட்டம் பயின்று, 2000-ஆம் ஆண்டில், நாற்பதை நெருங்கிய வயதிலே வழக்கறிஞரானார். பிலாஸ்பூர் உயர்நீதிமன்றத்திலே நிலம் இழந்தவர், கூலி இழந்தவர், காட்டுரிமை இழந்தவர் என, இழந்தவர்க்கெல்லாம் வாதாடினார்.

இந்த இடத்திலே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிலத்தின் மடியில் கனிமம் இருப்பது பழங்குடியினர் செய்த பிழையா? 2011 கணக்கெடுப்பின்படி, நாட்டு மக்களில் அவர்கள் 8.6 விழுக்காடு. 'வளர்ச்சி' என்ற பெயரால் வீடு வாசல் இழந்து இடம்பெயர்ந்தவர்களிலோ, ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அவர்களே என்று, மைய அரசு அமைத்த சாசா குழு 2014-ஆம் ஆண்டு அறிக்கையிலே எடுத்துக் காட்டியது. நூற்றுக்கு எட்டுப் பேர், சுமையிலே நூற்றுக்கு நாற்பது பங்கைத் தாங்குகிறார்கள்! அவர்களோ கோண்டி பேசுவார்கள். நீதிமன்றம் ஆங்கிலம் பேசும். அவர்களிடம் இருப்பது பாட்டன் காலத்து நினைவு. நீதிமன்றம் கேட்பது பத்திரம். இந்த இரு கரைகளுக்கும் இடையே பாலமாகக் கிடப்பவர் வழக்கறிஞர். பாலத்தை இடித்துவிட்டால், அக்கரையில் இருப்பவன் கத்தினாலும் இக்கரைக்குக் கேட்காது!

பாலத்தை இடித்தார்கள்.

2018 ஜனவரி முதல் நாள், மகாராட்டிரத்தின் பீமா கோரேகாவ் என்னும் ஊரில், 1818-இல் நடந்த போரின் இருநூறாம் ஆண்டு நினைவுக்குத் தலித் மக்கள் திரண்டனர். அங்கே வன்முறை வெடித்தது. அதற்கு முந்திய நாள் புனே நகரில் நடந்த 'எல்கார் பரிஷத்' மாநாடே காரணம், அதன் பின்னணியில் மாவோயிஸ்டுகளின் கை இருக்கிறது என்று காவல்துறை கூறியது. அந்த வழக்கிலே ஒருவர் பின் ஒருவராகப் பதினாறு பேர் கைதாயினர். அறிஞர், கவிஞர், பேராசிரியர், பாதிரியார், வழக்கறிஞர்!

2018 ஜூலையில் ஒரு தொலைக்காட்சி, சுதா எழுதியதாக ஒரு கடிதத்தைக் காட்டி முழங்கியது. தாம் அப்படி எதுவும் எழுதவில்லை, இட்டுக்கட்டிய பொய் என்று அவர் வெளிப்படையாக மறுத்தார். ஆகஸ்டு 28 அன்று காவலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். முதலில் உச்சநீதிமன்ற ஆணையால் வீட்டுக்காவல். பிறகு புனேயின் எரவாடா சிறை. அதன் பின் மும்பை பைகுல்லா சிறை. மூன்றாண்டுகளுக்கு மேலாயிற்று. அவர் வெளிவந்த நாள் 2021 டிசம்பர் 9. அந்த நாள்வரை வழக்கிலே விசாரணை தொடங்கவேயில்லை!

கோவலனை நினைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு முன்னே தண்டனை!

'எப்படி ஒருவரை விசாரணையின்றி இத்தனை ஆண்டு வைத்திருக்க முடியும்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஊபா என்று ஏடுகள் எழுதுகின்றன. 1967-இல் பிறந்தது, 2008-இல் பற்கள் முளைத்தன. சாதாரண வழக்கிலே, பிணை கொடுப்பதே முறை. இந்தச் சட்டத்திலே, காவல்துறை வைத்த காகிதங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக மெய் போலத் தோன்றுகிறது என்று நீதிபதி கருதிவிட்டால், பிணை கிடையாது. காகிதம் மெய்யா, பொய்யா? அதை விசாரணையில்தான் சோதிக்கலாம். விசாரணை எப்போது? யாருக்குத் தெரியும்! குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதற்கும் 180 நாள்வரை காலம் நீட்டலாம். பூட்டு இருக்கிறது, சாவி இருக்கிறது, சாவி வைத்த அறைக்கு இன்னொரு பூட்டு!

அவர் எப்படி வெளியே வந்தார்? இங்கேதான், தோழர்களே, இந்த வழக்கின் முழுப் பொருளும் இருக்கிறது. குற்றப்பத்திரிகை தர முதலில் உள்ள காலக்கெடு 90 நாள். அதை நீட்ட வேண்டுமானால், அதற்கு அதிகாரம் பெற்ற நீதிமன்றம் நீட்ட வேண்டும். இவர் வழக்கிலே காலத்தை நீட்டிய புனே நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2021 டிசம்பர் 1 அன்று மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிய காலத்தில் உரிய முறை கையாளப்படவில்லை. ஆகவே பிணை பெறுவது இவர் உரிமை என்றது.

வாழ்நாளெல்லாம் அவர் நீதிமன்றத்திலே கேட்டு வந்தது என்ன? நிலத்தை எடுக்கிறீர்களா, சட்டப்படி எடுங்கள். கிராம சபையைக் கேட்க வேண்டுமா, கேளுங்கள். காலக்கெடு இருக்கிறதா, கடைப்பிடியுங்கள். அவ்வளவுதான்! காட்டிலே சட்டத்தின் முறையைக் கடைப்பிடிக்கச் சொன்னவரைச் சிறையிலிட்டார்கள்; சிறையிலிட்டபோதும் சட்டத்தின் முறையைக் கடைப்பிடிக்கவில்லை! சட்டத்தை மதிக்காதவர் என்று கூண்டிலேற்றப்பட்டவர், சட்டத்தின் துணைகொண்டே வெளியே வந்தார். அப்படியானால், சட்டத்தை மதிக்காதவர் யார்? நான் சொல்ல வேண்டுமா?

அவர் வெளியே வந்தபோதும் முழு விடுதலையாக வரவில்லை. நீதிமன்ற அனுமதியின்றி மும்பையை விட்டு அகலக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தார். பிலாஸ்பூரிலே அவரை நம்பி வழக்குத் தொடுத்தவன் பாடு என்ன? வழக்கறிஞருக்கு மும்பையிலே வேலி. கட்சிக்காரனுக்குக் காட்டைச் சுற்றி வேலி!

சிறையிலும் அவர் சும்மாயிருக்கவில்லை. உடனிருந்த பெண்களுக்காக மனுக்கள் எழுதினார். எரவாடாவிலே தூக்குத் தண்டனைக் கைதிகளுக்கான பகுதியில் அடைபட்டிருந்தபோது கண்ட பெண்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 2023-இல் வெளிவந்தது. வாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். எழுதும் கைக்குப் பூட்டு இன்னும் செய்யப்படவில்லை!

ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து நாட்டையே பழிக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவரோடு நின்றிருந்தால் நானும் பேசாதிருப்பேன்.

நாகபுரியிலே சுரேந்திர காட்லிங் என்றொரு வழக்கறிஞர். தலித் மக்களுக்கும், கட்சிரோலி மாவட்டத்துப் பழங்குடியினருக்கும் வாதாடியவர். 2018 ஜூன் 6 அன்று அதே வழக்கிலே கைதானார். கட்சிரோலியின் சூரஜ்கட் என்னும் இடத்திலே, 2016 டிசம்பரில் இரும்புத்தாது ஏற்றும் வண்டிகள் எரிக்கப்பட்ட வழக்கிலும் பின்னர் சேர்க்கப்பட்டார். 2025-இல் உச்சநீதிமன்றம் அவருடைய பிணை மனுவை எடுத்துக்கொண்டபோது, அவர் சிறை சென்று ஏழாண்டுகள் கடந்திருந்தன. ஏழாண்டு! பள்ளியிலே ஐந்தாம் வகுப்பிலிருந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எட்டும் காலம்!

பஸ்தரின் ஜக்தல்பூருக்கு வருவோம். 2013-இல் இளம் பெண் வழக்கறிஞர்கள் சிலர் அங்கே சட்ட உதவிக் குழு ஒன்றினைத் தொடங்கினர். சிறையிலே ஆண்டுக்கணக்கில் கிடந்த பழங்குடியினரின் வழக்குகளை எடுத்து நடத்தினர். 2015-இல் உள்ளூர் வழக்கறிஞர் சங்கம், வெளியூர்க்காரர்கள் இங்கே வாதாடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. 2016 பிப்ரவரியில், வீட்டுக்காரருக்குக் காவல்துறை நெருக்கடி கொடுத்ததாக அவர்கள் குற்றஞ்சாட்ட, வீட்டைக் காலி செய்து ஊரை விட்டே வெளியேறும்படி ஆயிற்று. சுரங்கத்துக்காக ஊரை விட்டு விரட்டப்பட்டவனுக்கு வாதாட வந்தவரும் ஊரை விட்டு விரட்டப்பட்டார். கட்சிக்காரனுக்கும் வழக்கறிஞருக்கும் ஒரே கதி!

இனி, நம் மண்ணிலே பிறந்த ஒருவரைச் சொல்கிறேன். திருச்சி மாவட்டத்து விரகாலூரிலே 1937-இல் பிறந்தவர் ஸ்டேன் சுவாமி. ஏசு சபைப் பாதிரியார். ஜார்க்கண்டிலே பழங்குடி மக்களிடையே பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். அவர் வழக்கறிஞரல்லர். ஆனால், விசாரணைக் கைதிகளாகவே சிறையில் வாடிய இளைஞர்களுக்காக உயர்நீதிமன்றத்திலே பொதுநல வழக்குத் தொடுத்தவர். நக்சல்கள் என்று சொல்லி அடைக்கப்பட்டிருக்கிறார்களே, அவர்கள் வழக்கை விரைந்து விசாரியுங்கள் என்று கேட்டவர். கேட்டவரை 2020 அக்டோபர் 8 அன்று கைது செய்தனர். அப்போது வயது 83. நடுக்கு நோயினால் குவளையைப் பிடிக்க முடியாத கைகள். உறிஞ்சு குழலும் குடிகுவளையும் வேண்டுமென்று நீதிமன்றத்திலே கேட்டார். பதில் சொல்லத் தேசியப் புலனாய்வு முகமை இருபது நாள் அவகாசம் பெற்றது! தண்ணீர் குடிக்க ஒரு குழல் கொடுப்பதற்கு, ஒரு பேரரசு இருபது நாள் யோசிக்கிறது! 2021 ஜூலை 5 அன்று, பிணை மனு நிலுவையில் இருந்தபோதே, மும்பை மருத்துவமனையிலே அவர் கண்ணை மூடினார். விசாரணைக் கைதிகளுக்காக வாதாடியவர் விசாரணைக் கைதியாகவே இறந்தார். காவிரிக் கரையிலே பிறந்தவருக்குக் கடைசிக் காலத்தில் ஒரு வாய்த் தண்ணீருக்கும் மனுப் போட வேண்டி வந்தது!

அதே ஜார்க்கண்டில், குந்தி வட்டாரத்திலே, 2017-லும் 2018-லும் ஒரு விந்தை நடந்தது. பழங்குடி மக்கள் ஊர் எல்லையிலே பெருங்கற்களை நட்டனர். கல் நடுவது அவர்கள் மரபு. அந்தக் கற்களிலே என்ன செதுக்கினார்கள்? அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையை! கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தை! நாடாளுமன்றம் இயற்றியதைக் கல்லிலே எழுதினர். அதற்குத் தேசத்துரோக வழக்கு; ஆயிரக்கணக்கானோர் மீது! 2019 டிசம்பரில் புதிதாய் வந்த அரசு, அந்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கேட்கிறேன்: ஒரு நாட்டின் சட்டத்தைக் கல்லில் எழுதியவன் துரோகி என்றால், அதைக் காகிதத்தில் எழுதியவர்கள் யார்?

எதிர்வாதத்தையும் கேட்போம். கேளாமல் தீர்ப்புச் சொல்வது நம் பழக்கமன்று.

'நிலக்கரி வேண்டாமா? இரும்பு வேண்டாமா? மின்விளக்கின் கீழே அமர்ந்துகொண்டு சுரங்கத்தை எதிர்க்கிறாயே!' என்பார்கள். சுரங்கமே கூடாது என்பதன்று வழக்கு. கேட்டுவிட்டு எடு என்பதே வழக்கு. ஒடிசாவின் நியம்கிரி மலையிலே பாக்சைட் எடுக்க ஒரு பெருநிறுவனம் முனைந்தது. கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பன்னிரண்டு சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. மலை நின்றது, நாடு கவிழ்ந்துவிடவில்லை! நீதிமன்றத்திலே வழக்காடியதனால் வந்த வெற்றி அது. வழக்காடுவோரை ஏன் சிலருக்குப் பிடிப்பதில்லை என்பதற்கும் அதுவே விளக்கம்.

'இவர்கள் வழக்கறிஞர் வேடமிட்ட வன்முறையாளர்' என்பார்கள். வன்முறை செய்தவன் எவனாயினும் தண்டியுங்கள். சான்றோடு, விசாரணையோடு தண்டியுங்கள். சான்று என்ன? கணினிகளிலே கிடைத்த கடிதங்கள் என்றார்கள். அமெரிக்கக் கணினித் தடயவியல் நிறுவனம் ஒன்று, இவ்வழக்கில் கைதானவர்களின் கணினிப் பதிவுகளை ஆராய்ந்து, 2021-லும் 2022-லும் அறிக்கைகள் வெளியிட்டது. காட்லிங்கின் கணினியிலும், ஸ்டேன் சுவாமியின் கணினியிலும், அவர்கள் அறியாமலே வெளியிலிருந்து கோப்புகள் புகுத்தப்பட்டன என்பது அந்த அறிக்கைகளின் முடிவு. புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. இரண்டிலே எது மெய்? அதை முடிவு செய்யத்தானே விசாரணை! சிலம்பை உடைத்துப் பார்க்காமலே, உள்ளே இருப்பது முத்து என்று சாதித்தால் எப்படி?

'தீவிரவாதி என்று சொல்லப்பட்டவனுக்கு ஏன் வாதாட வேண்டும்?' என்பார்கள். காசநோய்க்கு மருந்து தரும் மருத்துவரைக் காசநோயாளி என்போமா? 1990-ஆம் ஆண்டில் ஹவானாவிலே ஐக்கிய நாடுகள் மாநாடு, வழக்கறிஞர் பணி குறித்துக் கோட்பாடுகளை வகுத்தது. கட்சிக்காரரையும் அவர் கொள்கையையும் வழக்கறிஞரோடு ஒன்றாக்கிப் பார்க்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஏன் வைத்தார்கள்? ஒன்றாக்கிப் பார்க்கத் தொடங்கினால், நாளைக்கு எந்த வழக்கறிஞரும் ஏழையின் வழக்கைத் தொடமாட்டார். ஒருவரைச் சிறையில் வைத்தால் நூறு பேர் அஞ்சி ஒதுங்குவர். அந்த நூறு பேருக்காகத்தான் அந்த ஒருவருக்குச் சிறை!

ஆழ்ந்து எண்ணுங்கள். இலுப்பை மரத்தடியிலே அமர்ந்திருக்கும் அந்தப் பெரியவருக்கு முன்னே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காட்டுக்குள்ளே செல்கிறது, துப்பாக்கியிடம். மற்றொன்று நகரத்துக்குச் செல்கிறது, நீதிமன்றத்திடம். 'அந்த வழி வேண்டாம், இந்த வழியே வா' என்று கையைப் பிடித்து அழைத்து வந்தவர் வழக்கறிஞர். அவரையே வழியிலே மடக்கிச் சிறையிலிட்டால், பெரியவரின் பேரன் என்ன நினைப்பான்? துப்பாக்கிக்கு ஆள் சேர்ப்பவர் யார்? சட்டப் புத்தகத்தோடு வந்தவரா, அந்தப் புத்தகத்தைப் பிடுங்கியவரா?

தோழர்களே! கேட்டுவிட்டு, 'அடடா' என்று சொல்லி, ஏட்டை மடித்து வைத்துவிடுவதற்காக நான் இதனைக் கூறவில்லை. நம்மால் செய்யக் கூடியவை சில உண்டு.

ஒரு வழக்கறிஞர் கைதானார் என்று செய்தி வந்தால், தலைப்பைப் படித்ததோடு நின்றுவிடாதீர்கள். அவர் யாருக்காக வாதாடி வந்தார் என்று தேடுங்கள். அந்த வழக்கு அடுத்து எந்த நாளில் வருகிறது, அதிலே நிற்க வேறு ஆள் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும், கைதின் காரணம் முதல் தகவல் அறிக்கையிலே இராது. அவர் கைவசமிருந்த கட்டுகளிலே இருக்கும்.

படிப்பகங்களிலே கதைப் புத்தகம் வைக்கிறோம், கவிதை வைக்கிறோம். வன உரிமைச் சட்டம் 2006, நிலம் எடுப்புச் சட்டம் 2013, இவற்றின் தமிழாக்கத்தையும் ஓர் அலமாரியிலே வையுங்கள். கிராம சபை கூடும் நாளில் சென்று அமருங்கள். தீர்மானப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். செத்தவர்கள் கையெழுத்திடும் விந்தை, உயிரோடிருப்பவர்கள் வராத சபையிலேதான் நடக்கிறது!

சிறையிலிருக்கும் வழக்கறிஞரின் பிள்ளையைப் பள்ளியிலே யாராவது ஏளனம் செய்தால், அந்தப் பிள்ளையின் பக்கம் நில்லுங்கள். சுதா சிறை சென்றபோது அவருக்கு ஒரு வளர்ப்பு மகள் இருந்தாள். தாயைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாள். சட்டம் அந்தப் பெண்ணுக்குச் செய்ததை நாம் மாற்ற இயலாது. சமுதாயம் இன்னொரு பெண்ணுக்கு அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்ள இயலும்.

தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். பாண்டியன் அவையிலே, தன் குற்றம் தெரிந்ததும் அரசன் உயிரை விட்டான். இன்றைய ஆட்சியாளரிடம் உயிரை யாரும் கேட்கவில்லை. வருத்தங்கூடக் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றே: வாயிலிலே நிற்பவள் உள்ளே வரட்டும், அவளை அழைத்து வருபவருக்கு வழி விடுங்கள், சிலம்பை அவையிலே உடைத்துப் பாருங்கள்!

மாணிக்கமா, முத்தா என்பதை ஊரறியட்டும்.